எந்த ஏரி பெரிது?

மழைக்காலம் பிறந்துவிட்டால் நம் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு சிறு கட்டம் தவறாமல் வெளியாகும். தங்கத்தின் விலைக்கும் ராசி பலனுக்கும் நடுவே எங்கேனும் ஒரு மூலையில் அது ஒதுங்கி நிற்கும். தலைப்பு, "அணைகளின் நீர்மட்டம்". தஞ்சாவூர்க்காரர் அதில் மேட்டூர் வரியை மட்டும் படிப்பார். மதுரைக்காரர் வைகையைத் தேடுவார். திருநெல்வேலிக்காரருக்குப் பாபநாசம் ஒன்றே அணை, மற்றவையெல்லாம் குட்டை. சென்னைப் பட்டணத்துவாசியோ செம்பரம்பாக்கத்தைக் கண்டவுடன், வருஷத்துக்குத் தகுந்தபடி, மகிழ்ச்சியோ பயமோ அடைவார்.

இத்தனை ஏரிகளிலும் அணைகளிலும் எது பெரிது, எது சிறிது என்று கேட்டால், அது மிகவும் சுலபமான கேள்வி என்றே தோன்றும். அளந்து பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது! ஆனால் எதைக் கொண்டு அளப்பது, எதையெல்லாம் சேர்த்து அளப்பது என்று யோசிக்கத் தொடங்கினால், விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்பது விளங்கும். பள்ளிக்கூடத்தில் பூகோளமும் கணக்கும் கற்பிப்பவராகிய நமக்கு இந்தக் கேள்வியில் நெடுநாளாகவே ஒரு ருசி உண்டு.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். நீரை அளக்கிறவர்கள் "டி.எம்.சி." என்று ஒரு மந்திரத்தை உச்சரிக்கிறார்கள். காவிரி வழக்கு நடந்த காலத்தில் இந்தச் சொல் டீக்கடை வரையில் வந்து சேர்ந்தது. ஆயினும் அதன் பொருளைக் கேட்டால் பெரும்பாலோர் கையை விரித்துவிடுவார்கள். ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி என்பதே அதன் பொருள். லிட்டர்க் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். இந்த எண்ணும் மனத்தில் நிற்காது என்பதால் நம் வீட்டுப் பாஷையில் சொல்வோம். ஒரு குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால், ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 190 கோடிக் குடம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் இருந்தவர்கள் 7 கோடியே 21 லட்சம் பேர். ஒரு டி.எம்.சி. நீரை அவ்வளவு பேருக்கும் பகிர்ந்தளித்தால் ஆளுக்கு 26 குடம் கிடைக்கும். குழாயடியில் நின்று பழகிய எந்தத் தாயாருக்கும் இந்தக் கணக்கு உடனே விளங்கிவிடும்.

விவசாயியின் பாஷை வேறு. ஒரு டி.எம்.சி. நீரை ஓர் அடி உயரத்துக்குப் பரப்பி நிறுத்தினால் சுமார் 23,000 ஏக்கர் நிலம் மூழ்கும். நெற்பயிர் நட்டதிலிருந்து அறுவடை வரையில் நாலு அடி நீர் வேண்டும் என்று பொதுவாகக் கொண்டால், அந்த ஒரு டி.எம்.சி.யால் 5,700 ஏக்கர் நெல் விளைவிக்கலாம்.

இனி வரிசைப்படுத்துவோம். முதல் ஸ்தானம் மேட்டூருக்கு. இதில் போட்டியே கிடையாது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அந்த அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அந்நாளைய கவர்னரின் ஞாபகார்த்தமாக அதற்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று நாமகரணம் செய்தார்கள். ஜனங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மேட்டூர் என்றே அன்றும் அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். இரண்டாவது, சுதந்திரம் வந்த பிறகு 1955-இல் பூர்த்தியான பவானிசாகர், 32.8 டி.எம்.சி. காமராஜர் முதன்மந்திரியாக இருந்த காலத்தில் எழுந்த அணைகள் அதற்குப் பின்னால் வரிசையாக வருகின்றன. சாத்தனூர் 7.3, வைகை 6.1, மணிமுத்தாறு 5.5. தமிழ்நாட்டின் அணைகள் 90-ஐயும் சேர்த்துப் பார்த்தால் கொள்ளளவு ஏறத்தாழ 224 டி.எம்.சி. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மேட்டூர் ஒன்றே வைத்திருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் சம்பாதிப்பதைப் போன்ற நிலைமைதான்!

இங்கே ஒரு விபரீதத்தைக் கவனிக்க வேண்டும். பத்திரிகைகள் அணையின் நீரை அடிக் கணக்கில் சொல்கின்றன. மேட்டூர் 120 அடி, மணிமுத்தாறு 118 அடி, பாபநாசம் 143 அடி. அடியை மட்டும் பார்க்கிறவர், பாபநாசமே பெரிய அணை என்றும், மணிமுத்தாறு மேட்டூருக்கு இரண்டடிதான் இளையது என்றும் முடிவு கட்டிவிடுவார். பாபநாசத்தின் கொள்ளளவோ ஐந்தரை டி.எம்.சி.தான். மணிமுத்தாற்றைப் போல் பதினேழு அணைகள் சேர்ந்தால்தான் ஒரு மேட்டூர் ஆகும். ஒல்லியாக உயர்ந்து நிற்கும் கூஜாவையும் அகன்ற அண்டாவையும் உயரத்தை வைத்து ஒப்பிடுவார் உண்டோ?

ஒரே அணைக்குள்ளும் அடிக் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். மேட்டூரில் 60 அடி நீர் நின்றால் பாதி அணை இருக்கிறது என்று நாம் ஆறுதல் அடைகிறோம். உண்மையில் அப்பொழுது இருப்பது ஏறத்தாழ 25 டி.எம்.சி.; கால் பங்கைச் சிறிது தாண்டும், அவ்வளவே. அணையின் உட்புறம் அகல் விளக்கைப் போல் அடியில் குறுகி மேலே அகன்றிருப்பதுதான் காரணம். நூறு அடிக்கு மேலே உள்ள கடைசி இருபது அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் அடங்குகிறது. அடியிலுள்ள அறுபது அடியைவிட மேலேயுள்ள இருபது அடிக்கு மதிப்பு அதிகம். ஆகவே அணை 120 அடியைத் தொட்டது என்ற செய்தி கேட்டுத் தஞ்சை ஜில்லாவில் வாழை மரம் கட்டாத குறையாகக் குதூகலிப்பது வெறும் உணர்ச்சி அல்ல. அதில் சரியான கணிதம் இருக்கிறது.

இருக்கிற நீரெல்லாம் எடுக்கக்கூடிய நீரும் அல்ல. முல்லைப் பெரியாற்று அணையில் 104 அடிக்குக் கீழே நிற்கும் நீரைத் தமிழ்நாட்டுக்குத் திருப்ப முடியாது. சுரங்கத்தின் வாய் அதற்கு மேலேதான் இருக்கிறது. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்த உயரம் 142 அடி. எனவே 142 என்று படித்தவுடன் நாம் மனத்தில் கொள்ள வேண்டியது இடைப்பட்ட 38 அடி நீரையே. பெட்டியிலுள்ள பணம் வேறு, சாவிக்கு அகப்படும் பணம் வேறு.

இன்னும் ஒன்று. ஏரி என்பது ஒரே தடவை நிரப்பி மூடி வைக்கும் ஜாடி அல்ல. 2018-ஆம் வருஷத்துத் தீர்ப்பின்படி பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு அளிக்க வேண்டிய காவிரி நீர் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. மேட்டூரின் கொள்ளளவு இதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. அதாவது, கணக்குப்படி நீர் வந்து சேர்ந்தால் மேட்டூர் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு தடவை நிரம்பிக் காலியாக வேண்டும். வீராணம் ஏரியின் சங்கதி இதைவிட விசேஷமானது. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழனின் குமாரன் இராஜாதித்தன் தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டுவித்தான் என்பார்கள். தந்தையின் விருதுப் பெயரே வீரநாராயணன் ஏரி என்று அதற்கு அமைந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப் பெருக்கு நாளில் இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. அதன் கொள்ளளவு 1.465 டி.எம்.சி.; மேட்டூருக்குள் அறுபத்துமூன்று வீராணங்களை அடக்கிவிடலாம். ஆனாலும் கொள்ளிடத்து நீர் வடவாற்றின் வழியாக வந்து வருஷத்தில் பல தடவை அதை நிரப்புகிறது. அதுவும் சலிக்காமல் வயல்களுக்கு வழங்குகிறது. 2004 முதல் 230 கிலோ மீட்டருக்கு மேல் குழாயில் பிரயாணம் செய்து சென்னையின் தாகத்தையும் தீர்க்கிறது. பட்டியலில் சிறியதாகத் தெரிவது உழைப்பில் சிறியது அல்ல.

சென்னையின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் நிரம்பினால் 11.257 டி.எம்.சி. இவற்றுள் பூண்டிக்கு ஒரு தேசிய மகிமை உண்டு. ஸ்ரீ சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்த பொழுது, அந்நிய ஆட்சியின் தடைகளுக்கிடையே, நகரத்துக்கு இன்னொரு நீர்த்தேக்கம் வேண்டுமென்று விடாப்பிடியாக வாதாடினார். 1940-இல் அஸ்திவாரம் இடப்பட்டது. 1944-இல் வேலை முடிந்தது. அதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்காமல் 1943-இலேயே அவர் காலமானார். சத்தியமூர்த்தி சாகரம் என்ற பெயர் அவருடைய ஞாபகத்தைக் காத்து நிற்கிறது. பிற்பாடு 2020-இல் அரை டி.எம்.சி. கொள்ளும் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் சேர்ந்தது. வீராணத்தையும் கூட்டினால் சென்னைக்குரிய ஏரிகளின் கொள்ளளவு 13.222 டி.எம்.சி. நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர் என்று செலவழித்தால் ஒரு டி.எம்.சி. ஒரு மாதத்துக்குச் சிறிது குறைவாக வரும். ஏரிகள் நிரம்பிய வருஷத்தில் பன்னிரண்டு மாதக் கவலை தீர்ந்தது என்று அர்த்தம்.

நிரம்பாத வருஷத்தில் நடப்பதை 2019-இல் கண்டோம். நான்கு வருஷத்துக்கு முன்னால், 2015 டிசம்பரில், வெள்ளத்தில் மிதந்த அதே நகரம், அந்தக் கோடையில் வறண்ட ஏரிகளைப் பார்த்து நின்றது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. ஒரு ரயிலுக்கு ஐம்பது வாகன்கள். மொத்தம் 25 லட்சம் லிட்டர். முதல் ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்பு நடந்தது. நாமும் மனம் நெகிழ்ந்துதான் பார்த்தோம். பிறகு வழக்கப்படி கணக்குப் போட்டோம். ஒரு டி.எம்.சி. நீரைக் கொண்டுவர அத்தகைய ரயில்கள் பதினோராயிரத்துக்கு மேல் ஓட வேண்டும்!

இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, பெரியதிலிருந்து சிறியது வரையில் வரிசைப்படுத்திக் காட்டினோம். பையன்கள் உற்சாகமாக எழுதிக்கொண்டார்கள். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒருவன் எழுந்தான். செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன்.

"ஸார், எங்கள் ஊர் ஏரி இதில் எத்தனையாவது?" என்று கேட்டான்.

மற்றப் பையன்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பட்டியலில் பதில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனையும் இன்னும் நாலு பேரையும் அழைத்துக்கொண்டு அந்த ஏரியைப் பார்க்கப் போனோம். நிரம்பினால் அறுபது ஏக்கர் பரப்பு. கரையோரத்து ஆழத்தையும் மறு கோடியின் ஆழத்தையும் கலந்து சராசரியாக ஐந்து அடி என்று ஊரார் சொன்னார்கள். பையன்கள் அங்கேயே, ஆலமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். முந்நூறு ஏக்கர் அடி, அதாவது 1 கோடியே 30 லட்சம் கன அடி, டி.எம்.சி.யில் 0.013. சைக்கிள் பையனின் முகம் வாடிவிட்டது. மேட்டூருக்குள் அவனுடைய ஏரியைப் போல் ஏழாயிரம் அடங்கும்.

"இதையே ரயிலில் போடு" என்றோம்.

போட்டான். 148 ரயில்! நாடெல்லாம் மாலை போட்டு வரவேற்ற அந்த ரயிலைப் போல் நூற்று நாற்பத்தெட்டு, அவன் ஊரின் எல்லைக்குள்ளேயே, தண்டவாளமும் இன்ஜினும் இல்லாமல் வந்து நிற்கக்கூடும். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நிற்கக்கூடும்" என்று சொன்னோம். "நிற்கிறது" என்று சொல்லவில்லை. கரைமேல் நடந்து பார்த்த பொழுது காரணம் தெரிந்தது. கலிங்கின் கல் பெயர்ந்திருந்தது. மதகில் பலகைக்குப் பதிலாக மண் மூட்டை. ஏரிக்குள் வேலிக்காத்தான் காடு. ஊரில் நீர்க்கட்டியாக இருந்த கிழவர் ஒருவர் நம்முடன் நடந்து வந்தார். ஏரி தூர்ந்து போயிருப்பதால் நீர் நிற்கவில்லையா என்று அவரைக் கேட்டோம்.

"தூர்ந்தது நிஜந்தான், வாத்தியாரய்யா. ஆனால் முதலில் செத்தது வரத்துக்கால். காலே போன பிற்பாடு ஏரி எப்படி எழுந்து நிற்கும்?" என்றார்.

மேட்டிலிருந்து மழைநீரைக் கொண்டு வரும் அந்தக் கால்வாயைத் தேடிப் போனோம். முதல் பர்லாங்கு வரையில் கால்வாயாகவே இருந்தது, அப்புறம் குப்பைமேடு, அதற்கப்புறம் வீடுகளும் ஒரு சிமெண்டுச் சாலையும். வீடு கட்டியவர்கள் கொடியவர்கள் அல்ல. அவர்களுக்கு மனை விற்றவருக்கு அது கால்வாய் என்பது தெரிந்திருக்கலாம்; வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீர் ஓடாத கால்வாய்க்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள வாய் இல்லையே!

வண்டலின் கணக்கையும் பையன்கள் விடவில்லை. சராசரி ஆழம் ஐந்தடியிலிருந்து மூன்றடியாகக் குறைந்தால் 148 ரயில் 89 ஆகிவிடும். ஐம்பத்தொன்பது ரயில்கள் சத்தமில்லாமல் காணாமற் போகின்றன. ஒரு பத்திரிகையும் அதைப் பிரசுரிப்பதில்லை. பெரிய அணைகளுக்கும் இதே வியாதி உண்டு. துங்கபத்திரை அணை 1953-இல் கட்டப்பட்ட பொழுது ஏறத்தாழ 133 டி.எம்.சி. பிடித்தது. வண்டல் படிந்து படிந்து இப்பொழுது ஏறத்தாழ 106. குறைந்த 27 டி.எம்.சி., சென்னைக்குரிய ஏரிகள் அனைத்தையும் போல் இரண்டு மடங்கு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. துங்கபத்திரையின் வண்டலை நீங்களும் நாமும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் வாரிவிட முடியாது. ஊர் ஏரியின் வண்டலை ஒரு காலத்தில் ஊராரே வாரினார்கள். வயலுக்கு எருவாக வண்டியில் ஏற்றிச் சென்றார்கள்.

அந்தக் காலம் புராண காலம் அல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் பராந்தக சோழன் காலத்தவை. 919, 921 ஆகிய வருஷங்களைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊரார் தேர்ந்தெடுத்த வாரியங்களுள் ஏரி வாரியம் என்றே ஒன்று தனியாக இருந்தது. ஏரியைப் பாதுகாப்பது ராஜாங்கத்தின் தயவு அல்ல. ஊரின் கடமை, ஊரின் உரிமை. குடிமராமத்து என்ற பெயரில் அந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் தீர்வை வசூல் ஓங்கியது, ஊர்ச்சபை ஒடுங்கியது, ஏரி "சர்க்கார் ஏரி" ஆயிற்று. சர்க்கார் ஏரி என்றால் யாருடைய ஏரியும் அல்ல என்று அர்த்தம் செய்துகொண்டோம். சுயராஜ்யம் வந்த பிறகும் அந்த அர்த்தத்தை நாம் மாற்றிக்கொள்ளவில்லை. 2017-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் திரும்பி வந்தது நல்லதே. பெயருக்குள் இருந்த குடியும் திரும்பி வர வேண்டும்.

பட்டணத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று நினைப்பவர்கள், சென்னையில் மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு வழியாக ஒரு தடவை நடந்து பார்க்கலாம். லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. ரோடு மட்டும் இருக்கிறது. மாம்பலத்து நெடிய ஏரி 1920-களில் மனைகளாக மாறத் தொடங்கி, அங்கே தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் அமைந்தது. நீரின் பெருமையைப் பத்துக் குறளில் பாடியவருக்கு ஏரியின்மேல் கோட்டம் கட்டியதை நினைத்தால் அந்தப் பெருந்தகை புன்னகை செய்திருப்பார் என்றே தோன்றுகிறது.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. மேட்டூர் அணையின் நீர் முழுவதையும் இவற்றுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு எவ்வளவு வரும்? 24 லட்சம் கன அடி. பதினோரு ஏக்கர் பரப்பில் ஐந்தடி ஆழம், அவ்வளவுதான்! பையனின் ஊர் ஏரி இதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் கொள்ளும். ஊருக்கு ஊர் பதினோரு ஏக்கர் நீரை நிறுத்திவிட்டால், காவிரிக்குக் குறுக்கே ஒரு கல் வைக்காமல், எந்த ராஜ்யத்துடனும் வழக்காடாமல், இன்னொரு மேட்டூரை நாம் கட்டியவர்களாவோம். கட்டுவது என்ன? கட்டியதைக் காப்பாற்றியவர்களாவோம். ஏனெனில் நம் முன்னோர் அதைக் கட்டிக் கொடுத்துவிட்டே போயிருக்கிறார்கள்.

மேட்டூர் வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். குடகு மலையின் வெள்ளத்தைத் தாங்க மேட்டூர்தான் வேண்டும். டெல்டாவின் லட்சக்கணக்கான ஏக்கருக்கு ஊர் ஏரி ஈடாகாது. ஆனால் மேட்டூரின் வரியைப் படித்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர நம்மால் ஆவது ஒன்றுமில்லை. ஊர் ஏரிக்கோ நம்மால் ஆவது நிறைய உண்டு.

ஆகவே இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு, உங்கள் ஊரில் உள்ள ஏரிக்கோ, பேட்டையில் மிச்சமிருக்கும் குளத்துக்கோ போய் வாருங்கள். அதன் பெயர் என்ன, பரப்பு எத்தனை ஏக்கர், மதகு எங்கே, கலிங்கு எங்கே, நீர் எந்தக் கால்வாயால் வருகிறது, நிரம்பினால் எந்த ஏரிக்கு வழிகிறது என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் எந்த இடத்தில் என்பதைக் குறித்து, கிராம சபை கூடும் நாளில் அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். சைக்கிள் பையன் அவ்விதமே நின்றான். சபையில் முதலில் கேட்டது "யார் இந்தப் பொடியன்?" என்பதுதான். ரயில் கணக்கைச் சொன்ன பிறகு அப்படி ஒருவரும் கேட்கவில்லை. கால்வாயை அளந்து கல் நட வேண்டுமென்று அன்றே தீர்மானம் எழுதினார்கள். கல் இன்னும் நடவில்லை. பையன் ஒவ்வொரு வாரமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.